பிளேடு சர்வர்: புதிய இயந்திரத்தை உடனே சேர்ப்பதா, காத்திருக்க வைப்பதா?

புக்கிட் பாஞ்சாங்கில் நீண்டகாலம் குடியிருப்பவர்களுக்கு 2013 அக்டோபர் 9ஆம் தேதி நினைவிருக்கும். அன்று பிற்பகல் சிங்டெலின் புக்கிட் பாஞ்சாங் இணைப்பகத்தில் தீ மூண்டது. பராமரிப்புப் பணியின்போது தீச்சுவாலைக் கருவியைப் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. கண்ணாடியிழை வடங்கள் கருகியதால் வடக்கு, வடமேற்கு வட்டாரங்களில் இணையமும் தொலைபேசியும் செயலிழந்தன. வங்கிச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. வடங்களை ஒவ்வொன்றாக இணைத்து முடிக்கப் பல நாள்கள் ஆயின. மறு ஆண்டு சிங்டெலுக்கு ஆறு மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 14ஆம் தேதி, தீபாவளிக்கு நான்கு வாரங்களே இருந்த ஒரு சனிக்கிழமை, டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. அவை பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் முறை பழுதடைந்து வெப்பம் ஏறியதே தொடக்கம். இத்தகைய நேரத்துக்கென்று இரு வங்கிகளிடமும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. ஆனால், டிபிஎஸ் அங்கு மாறியபோது வலையமைப்பில் ஓர் அமைவுப் பிழை குறுக்கிட்டது. சிட்டிபேங்க்குக்கு இணைப்புச் சிக்கல். மறுநாள் அதிகாலை வரை நீடித்த தடையில் ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

2013ல் அறுந்தது வடம். 2023ல் காலை வாரியது முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ஓர் அமைவு. தரவு நிலையத்தில் சர்வர்களை நிறுவும் பொறியாளர் முதல் நாளிலேயே இந்த இரண்டைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை வடங்கள் இருந்தால் போதும்? புதிதாகச் செருகப்படும் இயந்திரத்தை யார் அனுமதிப்பது? ஆங்கிலத்தில் ‘டிஸ்கவரி பாலிசி’ என்பது இந்த முடிவுகளைத்தான். கொள்கை என்று மொழிபெயர்த்தால் கட்சிக் கொள்கைபோல ஒலிக்கிறது. ‘நிலையான உத்தரவு’ என்று புரிந்துகொள்வது எளிது.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் படித்துவிட்டுத் தரவு நிலையப் பணிக்குச் செல்லும் நம் இளையர்கள் இந்த உத்தரவுகளோடுதான் இரவுப் பணி பார்க்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு “கம்ப்யூட்டர் வேலை” என்பதற்கு மேல் தெரிவதில்லை.

பிளேடு சர்வர் என்பது மெல்லிய, நீண்ட கணினி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை, தனி மின்விசிறிகூட இல்லை. மின்சாரம், காற்று, வலையமைப்பு எல்லாவற்றையும் ‘சேஸி’ எனப்படும் கூடு தருகிறது. பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. 2009ல் அறிமுகமான சிஸ்கோவின் யுசிஎஸ் வகையை எடுத்துக்கொள்வோம். அதன் 5108 ரகக் கூடு ஓர் அடிக்கும் குறைவான உயரம் கொண்டது. அரை அகல பிளேடுகள் எட்டு அதில் அடங்கும். கூட்டின் பின்புறத்திலிருந்து வடங்கள் ‘ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட்’ எனும் இரண்டு கருவிகளுக்குச் செல்கின்றன. எல்லாக் கூடுகளையும் நிர்வகிக்கும் மென்பொருள் அந்தக் கருவிகளில் இயங்குகிறது.

கூட்டுக்கான உத்தரவு வடங்களின் எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு வடம், இரண்டு, நான்கு, எட்டு என்று குறைந்தபட்ச அளவைக் குறிப்பிடலாம். நான்கு என்று எழுதிவிட்டு ஒரே ஒரு வடத்தைச் செருகினால் அந்தக் கூட்டை மென்பொருள் சேர்த்துக்கொள்ளாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் “கூடு கெட்டுவிட்டது” என்று நினைக்கும் இடம் இது. இதற்கு நேர்மாறான நிலைதான் எனக்கு ஆபத்தாகத் தோன்றுகிறது. ஒன்று என்று எழுதிவிட்டு நான்கு வடங்களைச் செருகினால் கூடு சேர்ந்துவிடும், எல்லாம் நலம்போலத் தெரியும். ஆனால், தொடக்கத்தில் ஒரு வடத்தின் வழியாக மட்டுமே போக்குவரத்து நடக்கும். மற்ற மூன்றையும் பயன்படுத்த, கூட்டை மறுபடியும் அங்கீகரிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது அதிலுள்ள சர்வர்களின் வலையமைப்புத் தொடர்பு தடைபடும். பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்யக்கூடிய வேலை அன்று.

அடுத்தது பிளேடுக்கான உத்தரவு. கண்டறிதல் என்ற நம் சொல்லே இதை விளக்கிவிடுகிறது. காண்பது ஒன்று, அறிவது வேறு. பிளேடைச் செருகியதும் கூடு அதைக் காண்கிறது. எந்த இடத்தில் எந்த ரகம், என்ன வரிசை எண் என்ற அளவுக்குத் தெரிந்துவிடும். இதை யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. அதன் பிறகு வருவது ஆழமான சோதனை. மென்பொருள் அந்த பிளேடைத் தானே இயக்கி, ஒரு சிறிய சோதனை நிரலை அதில் ஓடவிட்டு, எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எந்த வட்டுகள், எந்த வலையமைப்பு அட்டை என்று கணக்கெடுக்கிறது.

அந்த ஆழமான சோதனை தானாகத் தொடங்க வேண்டுமா, மனிதர் ஒருவர் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டுமா? ‘உடனடி’ என்பதே இயல்பாக இருக்கும் அமைவு. ‘பயனர் ஒப்புதல்’ என்று மாற்றினால் பிளேடு பட்டியலில் தெரியும், ஆனால் வாசலிலேயே நிற்கும்.

புதிய தரவு நிலையத்தில் ஒரே நாளில் நூறு பிளேடுகளைச் செருகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அங்கே ‘உடனடி’ சரி. ஏற்கெனவே சேவை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் நிலைமை வேறு. காரணம், இதே உத்தரவோடு இன்னோர் உத்தரவையும் சேர்த்துக் கட்டலாம். ‘ஸ்க்ரப்’ எனப்படும் துடைப்பு உத்தரவு அது. வட்டைத் துடைக்கச் சொல்லி அதில் எழுதியிருந்தால், சோதனையின்போதே பிளேடின் உள்வட்டில் இருக்கும் தரவு போய்விடும். வேறொரு கூட்டிலிருந்து கழற்றிய பிளேடு, தரவை இன்னும் நகலெடுக்கவில்லை, தவறுதலாக இங்கே செருகப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனடிச் சோதனையும் துடைப்பும் சேர்ந்திருந்தால், யாரும் எதையும் அழுத்தாமலேயே காரியம் முடிந்துவிடும்.

ஆகவே இயங்கும் நிலையங்களில் ‘பயனர் ஒப்புதல்’ வைப்பதும், வட்டுத் துடைப்பை இந்த உத்தரவோடு கட்டாமல் விடுவதும் நல்லது என்பது என் கருத்து. சில நிமிடத் தாமதம் பெரிய விலை அன்று.

நேரத்தை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது. 190ஆம் எண் பேருந்து பழுதாகி நின்றால் வேறொரு பேருந்து அதே எண்ணை மாட்டிக்கொண்டு அதே வழியில் போகிறது. எண் வண்டிக்குரியது அன்று, சேவைக்குரியது. யுசிஎஸ் முறையிலும் சர்வரின் வலையமைப்பு முகவரி உள்ளிட்ட அடையாளங்கள் ‘சர்வீஸ் புரொஃபைல்’ எனும் ஆவணத்தில் இருக்கின்றன. ஒரு பிளேடு பழுதானால் அந்த ஆவணத்தை வேறொரு பிளேடுக்கு மாற்றலாம். எந்த பிளேடு பொருந்தும்? இவ்வளவு நினைவகம், இத்தனை செயலிக் கருக்கள் என்று தகுதிகளை முன்பே எழுதிவைத்தால், சோதனை முடிந்த பிளேடுகளில் தகுதியுள்ளவை தாமாகவே ஒரு தொகுப்பில் சேரும். ஓய்வாக இருக்கும் நாளிலேயே அவற்றுக்கு ஒப்புதல் கொடுத்துத் தயாராக வைத்துவிட்டால், அவசர நேரத்தில் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அவசரம் என்பது இங்கே வெறும் பேச்சு அன்று. வங்கிகளின் முக்கியக் கணினி முறைகளில் திட்டமிடாத தடை எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 2023 தடைக்குப் பிறகு டிபிஎஸ் வங்கி அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. சர்வர்கள் எவ்வளவு புதியவை என்பதைவிட, மாற்று நிலையத்தின் அமைவும் முதன்மை நிலையத்தின் அமைவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று அடிக்கடி சரிபார்ப்பதே முக்கியம்.

இரவுப் பணிக்குப் புதிதாகச் செல்பவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: இந்த நிலையத்தில் கூட்டுக்கு எத்தனை வடம் என்று எழுதியிருக்கிறது, பிளேடுக்கு உடனடியா ஒப்புதலா, துடைப்பு உண்டா இல்லையா. மூன்று வரிகளில் அடங்கிவிடும். சட்டத்தின் மேல் ஒட்டிவைத்தாலும் தவறில்லை. ஒரு பிளேடைக் கழற்றச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பு வந்தால், அதன் இடங்காட்டி விளக்கை எரியவிடும்படி மறுமுனையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நீல விளக்கு எரியும் பிளேடின் கைப்பிடியை மட்டும் தொடுங்கள்.