முதல் ரைபிள்: எதை வாங்குவது?

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடப் பழகுவோர் பலரும் முதலில் வாங்குவது .22 ரைபிளைத்தான். தோட்டா மலிவு; தோளில் உதைப்பும் குறைவு. அதிலும் லீவர் ரகத்துக்குத் தனி மவுசு. விசையைச் சுற்றியுள்ள வளையமே லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். அடுத்தது உள்ளே ஏறும்.

எதை வாங்குவது? ஹென்றி எடை குறைந்தது. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. ஜப்பானில் தயாராகும் பிரவுனிங் பி.எல்.22-இல் லீவரை 33 டிகிரி அசைத்தாலே போதும். சிறிய கைகளுக்கு வசதி. வின்செஸ்டர் 9422 தயாரானது 1972 முதல் 2005 வரை. இன்று பழைய துப்பாக்கியாகவே கிடைக்கும். சேகரிப்பவர்கள் போட்டி போடுவதால் விலை அதிகம். பழகுபவர் பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தோளில் வைத்துப் பார்த்து, கைக்கு அடங்குவதை வாங்கினால் போதும்.

எதை வாங்கினாலும் ஓர் ஆபத்து உண்டு. தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள குழாயில் இருக்கும். குழாயைக் காலி செய்த பிறகும் ஒரு தோட்டா உள்ளே தங்கியிருக்கலாம். லீவரைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இந்தச் சிறு குண்டு ஒன்றரை மைல் வரைகூடப் போகும்!

நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, .22 ரைபிளுக்கும் முதலில் வேண்டியது லைசென்ஸ்.