வேலையை விட்டு நிறுத்தினால் போதுமா?

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஒரு மாதமாக காலையில் எழுந்ததும், 'வயிறு வலிக்குதும்மா, ஸ்கூலுக்குப் போகல' என்று அழுவாள். வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சாக்கு என்று நினைத்து, இரண்டு அடி போட்டு வேனில் ஏற்றி விடுவேன். பாவி நான்!

ஒருநாள் சாயந்திரம், பள்ளி ஆயாம்மா வீட்டுக்கே வந்து விட்டார். 'உம் பொண்ண இனிமே வேன்ல அனுப்பாத தாயி. கடைசியா இறங்குற புள்ளைன்னு அந்த டிரைவர் தப்பா நடந்துக்கறானாம். எங்கிட்ட சொல்லி அழுதுச்சு. டீச்சர்கிட்ட சொல்லி பத்து நாளாச்சு. ஒண்ணும் நடக்கல' என்றார். எனக்கு ஈரக்குலையே நடுங்கி விட்டது.

மறுநாள் பள்ளிக்கு ஓடினேன். 'அன்னிக்கே எச்.எம்.,கிட்ட சொல்லிட்டேனே... வேற நான் என்ன செய்ய முடியும்?' என்றார் டீச்சர். தலைமையாசிரியையோ, 'நேத்தே அவனை நிறுத்திட்டோம். போலீசுக்குப் போனா உங்க பொண்ணு பேர்தான் கெடும்' என்றார். இங்கே நிறுத்தினால், அவன் நாளைக்கே வேறு பள்ளி வேனில் ஏறி உட்கார மாட்டானா?

ஆயாம்மாவைத் துணைக்கு வைத்துக் கொண்டு, 1098க்கு போன் செய்தேன். போலீசுக்குத் தகவல் போய், பெண் எஸ்.ஐ., ஒருவர் யூனிபார்ம் இல்லாமல், புடவையில் வீட்டுக்கே வந்து மகளிடம் பக்குவமாகப் பேசினார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது... 2012ல் வந்த போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு விஷயம் தெரிந்தவர் யாரானாலும், போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். மேலிடத்தில் சொன்னதோடு டீச்சர் பொறுப்பு தீர்ந்து விடாது. சொல்லாமல் விட்டால், 6 மாதம் வரை ஜெயிலோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவனின் குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு, ஒரு வருடம் வரை ஜெயில். நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

டிரைவரைக் கைது செய்து விட்டனர். மகள் இப்போது அழாமல் பள்ளிக்குப் போகிறாள். நானே கொண்டு போய் விடுகிறேன்.

தாய்மார்களே... பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 'எம் பிள்ளை இப்படி ஏதாவது சொன்னா, போலீசுக்குச் சொல்வீங்களா?' என்றும் கேளுங்கள். பிள்ளை வயிற்று வலி என்றால், என்னைப் போல் கையை ஓங்காமல், பக்கத்தில் உட்கார வைத்து விசாரியுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி