சாலையற்ற பாதைகளுக்கான வேன் மீட்புக் கருவிகள்

வேன் மீட்புக் கருவிகள் என்பவை மணல், சேறு, ஆற்றுப்படுகை போன்ற இடங்களில் சிக்கிக்கொண்ட வேனை வெளியே எடுப்பதற்காக அந்த வேனிலேயே கொண்டுசெல்லப்படும் கருவிகள் ஆகும். காற்றழுத்தமானி, கம்ப்ரசர், மண்வாரி, மீட்புப் பலகை, இழுவைப் பட்டை, ஷேக்கிள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. எவற்றைக் கொண்டுசெல்வது என்பதைப் போலவே எதை முதலில் பயன்படுத்துவது என்பதும் முக்கியமாகும். டயரின் காற்றைக் குறைப்பதும் மணலை அள்ளுவதும் பெரும்பாலும் போதுமானவை. பட்டை கட்டி இழுப்பது உயிருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடியது என்பதால் அது கடைசி வழியாகவே கொள்ளப்படுகிறது.

வேனின் இயல்பு

மிட்சுபிஷி டெலிகா, ஃபோக்ஸ்வாகன் சின்க்ரோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற வேன்கள் நான்கு சக்கர இயக்கத்துடனும் தயாரிக்கப்பட்டுள்ளன. எனினும் பெரும்பாலான வேன்களில் இரண்டு சக்கரங்களுக்கே இயக்கம் உண்டு. ஜீப் வகை வண்டிகளுடன் ஒப்பிட்டால் வேனின் அடிப்பாகம் தரைக்கு நெருக்கமாக இருக்கும். படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சமையல் சாமான்கள் ஆகியவற்றை ஏற்றிய பின் அதன் எடை 2,500 முதல் 3,500 கிலோ வரை ஆகலாம். எடை மிகுந்தால் சக்கரம் எளிதில் புதையும். அடிப்பாகம் தாழ்ந்திருந்தால் வண்டி விரைவில் மணல்மேல் உட்கார்ந்துவிடும்.

வரலாறு

மணலில் மோட்டார் வண்டி ஓட்டும் முறைகளை வகுத்தவர்களுள் பிரித்தானிய இராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட் குறிப்பிடத்தக்கவர். இவர் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் எகிப்து, லிபியா பாலைவனங்களில் பயணம் செய்தார். டயரின் காற்றைக் குறைத்து ஓட்டுவதும், புதைந்த சக்கரத்தின் முன் இரும்புத் தகடுகளை வைத்து வண்டியை ஏற்றுவதும் இவருடைய குழுவின் வழக்கம். 1940இல் இவர் உருவாக்கிய நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவும் இம்முறைகளையே கையாண்டது. இன்றைய நெகிழி மீட்புப் பலகைகள் அந்த இரும்புத் தகடுகளின் வழிவந்தவையே.

முதல்நிலைக் கருவிகள்

காற்றழுத்தமானியும் கம்ப்ரசரும்: குதிரையின் குளம்பு மணலில் புதைகிறது, ஒட்டகத்தின் அகன்ற பாதம் அவ்வளவாகப் புதைவதில்லை. டயரின் காற்றைக் குறைப்பதன் பயனும் இதுவே. ஒரு சக்கரத்தின்மேல் 700 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரின் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. எனில் அது ஏறத்தாழ 250 சதுர செ.மீ. பரப்பில் தரையைத் தொடும். அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. ஆகக் குறைத்தால் அப்பரப்பு ஏறத்தாழ 500 சதுர செ.மீ. ஆகும். ஆகவே, மணலில் இறங்கும் முன்பே காற்றைக் குறைப்பது நல்லது. குறைந்த காற்றுடன் வேகமாகச் செல்வதோ சட்டெனத் திருப்புவதோ கூடாது. டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்பக் கம்ப்ரசர் தேவை.

மண்வாரி: வண்டியின் வயிறு மணலில் அமர்ந்தால் அதன் எடை சக்கரத்திலிருந்து மணலுக்கு மாறுகிறது, சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும். வயிற்றின் அடியிலும் சக்கரங்களுக்கு முன்னும் உள்ள மணலை அள்ளினால் எடை மீண்டும் சக்கரத்துக்கு வரும். வேனின் அடியில் எட்டும் அளவுக்கு நீண்ட கைப்பிடி இருக்க வேண்டும்.

மீட்புப் பலகை: இயங்கும் சக்கரத்தின் முன் சரிவாகச் செருக வேண்டும். முன்சக்கர இயக்க வேனில் முன்சக்கரத்துக்கும், பின்சக்கர இயக்க வேனில் பின்சக்கரத்துக்கும் வைக்க வேண்டும். மெதுவாக ஏற்ற வேண்டும். சக்கரம் வேகமாகச் சுழன்றால் பலகையின் பற்கள் உருகிவிடும்.

ஜாக்கியும் அடிப்பலகையும்: ஜாக்கியை மணலில் நேரடியாக வைத்தால் வண்டி உயராது, ஜாக்கிதான் புதையும். தடித்த மரப்பலகை ஒன்று இதற்குப் போதும். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் நுழைவது கூடாது.

இழுத்து மீட்டல்

இழுவைப் பட்டைகள் இரு வகைப்படும். பாலியஸ்டர் பட்டை அதிகம் நீளாது. நிதானமாக இழுக்க ஏற்றது. நைலான் பட்டை ரப்பர் போல நீண்டு சுருங்கும். இழுக்கும் வண்டி சிறிது வேகமெடுத்து, பட்டை சுருங்கும் விசையால் மற்ற வண்டியை வெளியே கொண்டுவரும்.

இந்த நைலான் பட்டையில்தான் ஆபத்து உள்ளது. 2,500 கிலோ வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9,600 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஏறக்குறைய சமம். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். கட்டிய இடம் உடைந்தால் பட்டையில் சேர்ந்துள்ள ஆற்றல் முழுவதும் உடைந்த இரும்பை எறிகணையாக்கிவிடும்.

டிரெய்லர் மாட்டும் இழுவைக் குமிழில் பட்டையைக் கட்டவே கூடாது. அது நிதானமான இழுவைக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. குமிழ் முறிந்து பறந்ததால் ஆஸ்திரேலியாவில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. வேனுடன் தரப்படும் திருகு வளையமும் சாலையில் கட்டி இழுப்பதற்கே உரியது. பயணத்துக்கு முன்பே சேஸிஸில் தாங்குதிறன் குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கியைப் பொருத்திக்கொள்வதே முறை.

கடைப்பிடிக்க வேண்டியவை:

- பட்டையின் முறிவு வலிமை, இரு வண்டிகளுள் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும்.
- தாங்குதிறன் பொறிக்கப்பட்ட ஷேக்கிளையே பயன்படுத்த வேண்டும். 16 மி.மீ. வகை 3.25 டன்னும், 19 மி.மீ. வகை 4.75 டன்னும் தாங்குவதாகக் குறிக்கப்பட்டிருக்கும்.
- இரு பட்டைகளை ஷேக்கிளால் இணைக்கக் கூடாது.
- பட்டையின் நடுவில் கனமான விரிப்பு அல்லது ஈரத்துணி போட வேண்டும். அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும்.
- ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள் பக்கவாட்டில், பட்டையின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் நிற்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: கர்ரி தீவு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கர்ரி, உலகின் மிகப் பெரிய மணல் தீவாகும். முன்னர் பிரேசர் தீவு என வழங்கிய இது, 2023இல் பழங்குடி மக்களின் பெயரை அதிகாரப்பூர்வமாக மீண்டும் பெற்றது. ஏறத்தாழ 120 கி.மீ. நீளமுள்ள இத்தீவில் நான்கு சக்கர இயக்க வண்டிகளே செல்ல முடியும். கிழக்குக் கடற்கரையே நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டுள்ளது. உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. இங்கு மாட்டிக்கொண்ட வண்டியை நீர் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். மண்வாரியும் பலகையும் சாமான்களுக்கு அடியில் புதைந்திராமல், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பிற பொருட்கள்

- தோல் கையுறை
- டயர் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உதிரிச் சக்கரமும்
- கைபேசிக் கோபுரம் இல்லாத இடங்களுக்கு வானொலித் தொடர்புக் கருவி
- குடிநீர், முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு

தனியாகச் செல்பவரிடம் பட்டை இருந்தாலும் இழுக்க இன்னொரு வண்டி இராது. அத்தகைய பயணத்தில் மண்வாரி, பலகை, கம்ப்ரசர் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் கைகொடுப்பவை.