பனிக்காலத்தின் கணக்கு

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டைப் பனிக்கே அளித்தனர்: மார்கழியும் தையும் முன்பனி; மாசியும் பங்குனியும் பின்பனி. உறைபனி அறியாத சமவெளியில் இது ஏன் என்பது, புதுச்சேரிக்கு வடக்கே பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் வைகறையில் நிற்பவருக்கு விளங்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. மேகமற்ற இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் புல்நுனியில் பனி திரள்கிறது. மார்கழித் தொடக்கத்தில் தெற்கே ஒதுங்கி எழும் ஞாயிறு, பின்னர் நாள்தோறும் சிறிது வடக்கே நகர்கிறது. இம்மாதங்களில்தான் சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி, மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து கடலை நாடுகின்றன.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விலையில்லாதது நம் கணக்கேடுகளில் இடம்பெறுவதில்லை, மணலும் அப்படித்தான். அலைகள் ஆண்டு முழுவதும் கொண்டுசெல்லும் மணலில் பெரும்பகுதி இக்கரையில் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தென்புறம் மணல் தேங்கியது; வடபுறக் கரை தேய்ந்தது. பிள்ளைச்சாவடியிலும் கடல் வீடுகளை நெருங்கியது. அரிப்பைத் தடுக்கக் கொட்டும் பாறைகள் வீடுகளைக் காக்கலாம். ஆமைக்கு அவை இடம் தருவதில்லை.

பனிக்காலக் காலையை வியப்பது எளிது. தேங்கிய மணலை ஆண்டுதோறும் வடபுறத்துக்குக் கொண்டுசேர்க்கும் செலவை நிதிநிலை அறிக்கையில் எழுதுவதே நன்றி.