கத்தியின் ஆயுள்

நெசவாளர் கையிலும் கத்தி உண்டு. தோட்டக்காரர் கையிலும் கத்தி உண்டு. ஆனால் இருவர் சொல்லும் குறை ஒன்றன்று. வாழைத் தோட்டத்தில் நாள் முழுதும் தார் வெட்டுகிறவர், "கத்தியில் துரு இல்லை, பளபளவென்றுதான் இருக்கிறது, ஆனால் உச்சிப்பொழுதுக்குள் வாய் மழுங்கிவிடுகிறது" என்கிறார். தறியில் இருப்பவரோ, "கூருக்குக் குறைவில்லை, மழைக்காலத்தில் துரு ஏறி வெள்ளைப் பாவில் செங்கறை படிந்துவிட்டது" என்கிறார். உண்மை யாதெனில், ஒருவர் வாங்கியிருக்க வேண்டிய கத்தியை மற்றவர் வாங்கியிருக்கிறார். தேய்மானம், துரு ஆகிய இரண்டு பகைகளையும் ஒருசேர வெல்லும் மலிவான உலோகம் இல்லை. எந்தப் பகை நம்மை அதிகம் வருத்துகிறது என்று தெரிந்தே கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரியின் வலிமை

இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்ததே எஃகு. நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி இருந்தால், காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கும்போது எஃகு கடினமடைந்து கூரைத் தாங்கும். இவ்வித்தை நமக்குப் புதியதன்று. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், பண்டைக் காலத்து இரும்புத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டன. தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்து ஆராய்ந்தனர்.

இன்று நாட்டுக் கொல்லர் கையில் எளிதாகக் கிடைக்கும் நல்ல எஃகு, கழித்துப் போட்ட லாரியின் வில்பட்டையே. அதில் கரி அரைப் பங்குக்குச் சற்று மேல் உண்டு. அடியையும் வளைவையும் தாங்கும். அரிவாளுக்கு இது மிகவும் ஏற்றது. பழைய பட்டையில் கண்ணுக்கு எளிதில் தென்படாத கீறல் இருக்கக்கூடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். இவ்வெஃகின் குறை துருவே.

துருப்பிடிக்காத எஃகு

1913ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைக் குறைக்க முயன்றபோது, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் குரோமியம் கலந்த எஃகைக் கண்டார். காடியும் எலுமிச்சைச் சாறும் அதை எளிதில் அரிக்கவில்லை. ஆனால் முதலில் செய்த கத்திகள் கூர் நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவ்வூர்க் கத்தித் தொழிலாளர் அவரை எள்ளினர். குற்றம் உலோகத்தினுடையதன்று. சாதாரண எஃகுக்குச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் போதும். இதற்கு ஏறக்குறைய 1000 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தை அறிந்து காய்ச்சிய பிறகே அது கத்தியாயிற்று. உலோகத்தைப் போலவே தோய்ச்சலும் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

குரோமியம் காற்றுடன் கலந்து மேற்பரப்பில் மெல்லிய போர்வையை உண்டாக்குகிறது. கீறல் பட்டாலும் அது மீண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் கூருக்காகக் கரியை மிகுத்தால், அந்தக் கரியே குரோமியத்தில் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்கிறது. துருவைத் தடுக்க எஞ்சுவது குறைகிறது. மேலும், உப்புக் காற்றடிக்கும் கடலோர ஊர்களில் இவ்வகை எஃகும் புள்ளி புள்ளியாக அரிபடும்.

வாங்கும்போது

சந்தையில் 'எவர்சில்வர் கத்தி' என்று விற்பவற்றை எல்லாம் நம்புதல் கூடாது. பாத்திரம் செய்யும் தகட்டில் பெரும்பாலும் குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் இருக்கும். அது துருவுக்கு நல்லது. ஆனால் எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. ஆகவே கடைக்குக் காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லலாம். அலகில் காந்தம் நன்கு பற்றாவிடில் அக்கத்தியை வாங்காதிருப்பதே நலம். பற்றினால் மட்டும் போதாது; வாயோரத்தில் அரத்தை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் தோய்ச்சல் உண்டு. எளிதில் கடித்தால் இல்லை.

காக்கும் முறை

வாழைச்சாறு பட்ட நாட்டுக் கத்தி கறுத்துப் போவதைக் கண்டு சிலர் கலங்குகின்றனர். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பதைச் சாயத் தொழிலறிந்த நெசவாளர் நன்கறிவர். வாழையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கருமையும் அத்தகையதே. அதைத் தேய்த்துத் தேய்த்துப் போக்க வேண்டுவதில்லை. செந்துருவே பகை. மாலையில் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி வைத்தால் போதும்.

இரண்டாவது, மின்சாரச் சாணையில் உலர்ந்தபடி அழுத்திப் பிடித்தல் ஆகாது. வாயோரம் நீலம் பாய்ந்தால் அவ்விடத்துத் தோய்ச்சல் தளர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். நீர் விட்டுக் கல்லில் தீட்டுவது நேரம் பிடிக்கும். ஆனால் கத்தி நிலைக்கும்.

மூன்றாவது, பிடி. பூணுக்கும் மரத்துக்கும் இடையே நீர் இறங்கினால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிரும்பு அரிக்கும். ஒருநாள் ஓங்கிய கையில் பிடி மட்டும் நிற்க, அலகு பறந்துவிடும். பிடி ஆடத் தொடங்கிய கத்தியைச் சீர்செய்யாமல் தொடவே கூடாது. இதில் இழப்பது கத்தியை மட்டுமன்று.

நாம் செய்யத்தக்கது

ஆகவே நம் கருத்து இதுதான். தோட்டத்துக்கும் வயலுக்கும் நாட்டு எஃகு. தறிக்குத் தொழிற்சாலையில் முறையாகக் காய்ச்சிய துருப்பிடிக்காத எஃகு. நூல் அறுக்கும் வேலையில் தேய்மானம் குறைவு. ஒரு துருக்கறையோ முழுச் சேலையின் விலையையும் குறைத்துவிடும். சங்கங்கள் அங்கத்தினரின் தேவையைக் கணக்கெடுத்து, நல்ல வில்பட்டையை மொத்தமாக வாங்கி, உள்ளூர்க் கொல்லரிடம் பருவத்துக்கு முன்பே வேலை ஒப்படைக்கலாம். அவருக்கும் உலை அணையாதிருக்கும். நமக்கும், பழுது நேர்ந்தால் திரும்பக் கொண்டுபோய்க் கேட்க ஒருவர் ஊரிலேயே இருப்பார். மலிவென்று ஆண்டுக்கு மூன்று கத்தி வாங்குகிறவர், நல்ல கத்தி ஒன்றின் விலையை அதற்குள் செலுத்திவிடுகிறார். நல்ல கத்திதான் அவர் கையில் இருப்பதில்லை.