பாறைக்குத் திரும்பிய பாலைவனம்

ஜோத்பூர் கோட்டை அடிவாரத்தில் சீமைக்கருவேலத்தை விரட்டி, மண்ணின் செடிகளுக்கு மறுவாழ்வு

மெஹ்ரான்கர் கோட்டைக்கு வருபவர்களின் கண்கள் மேலேதான் போகும். கீழே கிடந்த சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலத்தை வெகுகாலம் யாரும் சட்டை செய்யவில்லை. அங்கே எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த இந்த முள்மரம் 1930களில் மார்வார் சமஸ்தானத்தில் பரப்பப்பட்டது. நோக்கம் நல்லதுதான்: வறண்ட பூமியில் கொஞ்சம் பசுமை. விளைவு? உள்ளூர்ச் செடிகளுக்குக் காலூன்ற இடமில்லை. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

2006இல் நிலத்தை மீட்க முன்வந்தது கோட்டையின் அருங்காட்சியக அறக்கட்டளை. பொறுப்பேற்றவர் பிரதீப் கிரிஷன். 'மாஸ்ஸி சாஹிப்' படத்தை இயக்கியவர், பிறகு மரங்களின் பக்கம் திரும்பி டெல்லி மரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

சிக்கல் வேரில் இருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். துளிர்விடும் பகுதியை மண்ணுக்குள் சுமார் ஒன்றரை அடி வரை தோண்டி எடுத்தால்தான் மரம் சாகும். ஆனால் இங்கே இருப்பது மண்ணல்ல, இரும்பு போன்ற ரையோலைட் பாறை. கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியாக்கள். பரம்பரையாகக் கல் உடைப்பவர்கள். சுத்தியலால் தட்டும்போது எழும் ஓசையை வைத்தே பாறை எங்கே இளகும் என்று சொல்லிவிடுவார்கள். உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு வேரையும் பெயர்த்தெடுத்தார்கள்.

வேர் போன குழிகளே புதிய செடிகளுக்குத் தொட்டிகள் ஆயின. தார் பாலைவனத்தின் பாறைப் பகுதிகளுக்கே உரிய இனங்கள் மட்டும் உள்ளே வந்தன. கள்ளி வகையைச் சேர்ந்த 'தோர்', கோந்து தரும் 'குமட்' போன்றவை. குமட்டின் விதை, கேர்-சாங்ரியுடன் சேர்ந்து மார்வாரிச் சமையலில் இடம்பெறுவது. ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்ற பெயருடன் 2011இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பூங்கா என்றதும் புல்வெளியை எதிர்பார்த்து கோடையில் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அப்போது பல செடிகள் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஆண்டுக்கு 400 மி.மீ. மழைகூடப் பெய்யாத ஊரில் உயிர் பிழைக்கும் வழி அதுதான். மழை விழுந்த சில நாட்களில் பாறை இடுக்கெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும். வேர் பிடித்துவிட்ட செடிக்குக் குழாய் நீர் வேண்டாம், உரம் வேண்டாம். இதே ஊரில் புல்வெளி போட்டால் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும்.

ஆனாலும் போர் முடியவில்லை. சீமைக்கருவேலத்தின் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்று விதைகளைச் சாணத்தோடு பரப்புகின்றன. பூங்காவைச் சுற்றி மரம் இருக்கும்வரை களையெடுப்புக்கு ஓய்வில்லை. அந்த மரத்தின் விறகை நம்பி அடுப்பு மூட்டும் ஏழைகள் இருப்பதால், ஊர் முழுக்க அதை ஒழிப்பதும் லேசான காரியமல்ல.

ஜெய்ப்பூரில் மணல்மேடுகளின் செடிகளைக் கொண்டு உருவான கிஷன் பாக் 2021இல் திறக்கப்பட்டது. அதிலும் கிரிஷனின் கை உண்டு. அங்கே மணல், இங்கே பாறை. இடம் மாறினால் செடியும் மாற வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான விதி.