நிலக்கடலை இலைக்கும் மூட்டு உண்டு

மாடு காலை மடக்க எலும்பும் தசையும் வேண்டும். இவை இரண்டுமில்லாத நிலக்கடலை இலை மாலையானதும் எப்படி மடங்குகிறது? திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை பயிரிடுவோர் பலர் இதைக் கேட்பதுண்டு.

ஓர் இலையில் இரண்டு ஜோடிச் சிற்றிலைகள். ஒவ்வொன்றும் காம்புடன் சேருமிடத்தில் சிறு தடிப்பு தெரியும். அதுவே மூட்டு. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களில் பொட்டாசியம் சேர்ந்தால், நீர் புகுந்து அவை விம்மும். எதிர்ப்பக்க அணுக்கள் நீரை இழந்து தளரும்; சிற்றிலை திரும்பும். தொட்டாற்சிணுங்கி, தூங்குமூஞ்சி மரம் ஆகியவற்றிலும் இதே ஏற்பாடுதான். 1940இல் வெளிவந்த திண்டிவனம் டி.எம்.வி. 2 ஆனாலும், பின்னர் வந்த ரகங்களானாலும் மூட்டு ஒன்றே.

ஆகவே இரவில் இலை மடங்குவது வாட்டமல்ல. உச்சி வெயிலில் சிற்றிலைகள் கூம்புவதும், வெயில் நேராக விழாதபடி பயிர் செய்துகொள்ளும் தற்காப்பே. அதைப் பார்த்தவுடன் மோட்டாரைப் போட்டுக் கிணற்று நீரை வீணாக்குவானேன்? மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் வயலைப் பாருங்கள். இலைகள் நன்கு விரிந்திருந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது. காலையிலும் துவண்டு கிடந்தால் அன்றே நீர் பாய்ச்ச வேண்டும்.

பூக்கும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் மட்டும் இந்த அடையாளத்துக்காகக் காத்திருக்கலாகாது. மேல்மண் காய்ந்து இறுகினால் விழுது உள்ளே இறங்காது, காய் பிடிக்காது.

வயல் முழுதும் செழித்திருக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் காலையில் துவண்டிருந்தால் நீர்க் குறைவு காரணமல்ல. ஒன்றைப் பிடுங்கி, வேர் அழுகியுள்ளதா என்று பாருங்கள்.